ஊசி போட்டாயிற்று, ரத்தம் என்ன சொல்கிறது?

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நிர்வாகமெல்லாம் கம்பெனியார் கைக்குப் போய், கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டும் மிஞ்சிய நிலையில் 1832 வரை அரசராக இருந்தவர் அவர். ஆள நாடில்லாத அரசர் புத்தகம் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்தியசாலை நடத்தினார். நாட்டு வைத்தியமும் ஆங்கில வைத்தியமும் அங்கே சேர்ந்தே நடந்தன. அந்தக் கண் குறிப்புகளில், நோயுற்ற கண்ணைப் படமாக வரைந்து, என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி, அதன் பிறகு கண் எப்படி ஆயிற்று என்பதையும் குறித்திருக்கிறார்கள். மருந்தைக் கொடுத்து ஆளை அனுப்பியதோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை.

அதற்குப் பின் இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே ஊரிலும் அதைச் சுற்றிய டெல்டா மாவட்டங்களிலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விஷயத்தில் நாம் பாதி வேலையோடு நிற்கிறோம். எந்தத் தேதியில் ஊசி போட்டோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போட்ட ஊசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கியதா என்பதை, கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் விஷயத்தில்கூடப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

ஒரு சின்ன ரத்தச் சோதனைக்கு அரண்மனை வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். இந்த நோயின் வரலாறு ஊசியின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால் கொஞ்சம் போகத்தான் வேண்டியிருக்கிறது.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் குத்தினார்கள். இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பூசி அங்கே தொடங்குகிறது. குளிர்பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கையிலிருந்து இன்னொரு கைக்கு. இப்படியே கைமாறிக் கைமாறித்தான் அது சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. பெரியம்மையைத் தடுத்த அந்தக் கீறல் கூடவே வேறு எதைக் கொண்டுபோனது என்று அன்று யாருக்குத் தெரியும்?

1883இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் அது தெரிய வந்தது. ஒரு கப்பல் கட்டும் தளத்தில் 1,289 தொழிலாளர்களுக்கு மனித உடலிலிருந்து எடுத்த அம்மைப்பால் குத்தினார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவர்களில் 191 பேருக்கு மஞ்சள் காமாலை. அதே தளத்தில் வேறு அம்மைப்பால் குத்திக்கொண்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. லூர்மன் என்ற மருத்துவர் 1885இல் இதை எழுதிவைத்தார். ஊசி வழியாகக் காமாலை பரவும் என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சாட்சி அதுதான். அப்படியும் பாடம் சீக்கிரம் ஏறவில்லை. 1942இல், மனித சீரம் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் அமெரிக்கப் படைவீரர்கள் சுமார் 50,000 பேர் காமாலையோடு மருத்துவமனையில் படுத்தார்கள்.

நம் பக்கத்து ஊசிக்கும் ஒரு கதை உண்டு. டெல்டா ஜனங்களுக்கு ஊசி மேல் தனிப் பிரியம். நடவு நாளில் காய்ச்சல் என்று படுத்தால் கூலி போய்விடும். “ஒரு ஊசியப் போட்டு விடுங்க டாக்டரு, நாளைக்கு வயலுக்குப் போகணும்” என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஸ்டவ் மேல் ஸ்டீல் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்ச் கொதித்த காலத்தில், வரிசை நீண்ட சாயங்காலங்களில் எல்லா ஊசியும் போதிய நேரம் கொதித்திருக்குமா? நம்ப முடியவில்லை. அதோடு சலூனில் ஒரே சவரக்கத்தி, திருவிழாக் கடையில் ஒரே பச்சை குத்தும் ஊசி. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கக்கூடியது; அதற்கு இவ்வளவு வழி போதும். இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. குஜராத்தின் மொடாசா பகுதியில் 2009இல் பயன்படுத்திய ஊசியையே மறுபடி பயன்படுத்தியதால் பரவிய ஹெபடைடிஸ் பி பல உயிர்களைக் கொண்டுபோனது.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த விதம் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. பருக் பிளம்பர்க் என்ற அமெரிக்கர் கிருமி எதையும் தேடிப் புறப்பட்டவர் அல்லர். மனித இனங்களுக்கிடையே ரத்தப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தை எடுத்து உலகின் பல பகுதி மக்களுடைய சீரத்தோடு சேர்த்துப் பார்த்தார். பலருடைய ரத்தம் ஏறிய உடம்பில் பலவகை எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும் என்பது அவர் கணக்கு. 1963இல், ரத்தம் உறையாத நோயுள்ள ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் சீரத்தோடு சேர்ந்து ஒரு கோடு காட்டியது. ஆஸ்திரேலிய சீரத்தில் இருந்தது கிருமியின் மேலுறைப் புரதம். மூத்த நர்சுகள் இன்றும் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதைக் காட்டிக்கொடுத்தது இன்னொருவர் உடம்பில் இருந்த எதிர்ப்பொருள். நோயிலிருந்து மீண்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இன்று தடுப்பூசி பலித்ததா என்று பார்க்க நாம் அளப்பதும் அதே எதிர்ப்பொருளைத்தான். பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28 இப்போது உலக ஹெபடைடிஸ் நாள்.

அந்த பிளம்பர்க்கின் பெயர் தமிழ்நாட்டில் ஒரு பச்சிலையோடு சேர்ந்து நிற்கிறது. கீழாநெல்லிதான் அது. மழை பெய்து நாலு நாள் ஆனால் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைக்கும் செடி. காமாலை என்றதும் அதை வேரோடு பிடுங்கி, அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பு, எண்ணெய் தள்ளிப் பத்தியம் இருப்பதும் டெல்டாவில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் இதைச் சோதனைக்கு எடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து பி.எஸ். வெங்கடேஸ்வரனும் பிளம்பர்க்கும் உடன் சேர்ந்தார்கள். கிருமியை நீண்ட நாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லித் தூள், இன்னொரு பிரிவுக்கு வெறும் தூள், 30 நாள். முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டுத் திரும்பப் பரிசோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் இல்லை. வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி.

அந்தச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டுக்கு ஏற்பட்ட பெருமிதம் நியாயமானது. நம் வரப்புச் செடியை உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அடுத்தடுத்து தாய்லாந்தில், நியூசிலாந்தில் என்று செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். செடியின் இனம் வேறா, பறித்த பருவம் வேறா, மண் வேறா என்ற வாதம் தொடர்ந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. சொல்லப்போனால் சென்னைக் குழு செய்தது பெரிய காரியம். ‘என் பாட்டி கொடுத்தாள், எனக்குச் சரியாயிற்று’ என்ற பேச்சை ரத்தத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் ஊரில் வரும் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைகள். அவை சில வாரங்களில் தாமாகவே போய்விடும். பெரியவர்களுக்கு வரும் பி வகையிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உடம்பு அதைத் தானே வெளியேற்றிவிடும். இடையில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். கண்ணின் மஞ்சளை மட்டும் பார்த்து எது குணம் செய்தது என்று தீர்மானிக்க முடியாது. ரத்தத்தைப் பார்த்தால் முடியும். பச்சிலையிடம் கேட்ட இந்தக் கேள்வியைத் தடுப்பூசியிடம் கேட்க நாம் ஏன் தயங்குகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தடுப்பூசியின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1981இல் முதல் தடுப்பூசி, 1986இல் மரபணு முறையில் ஈஸ்ட்டில் தயாரித்த தடுப்பூசி, 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரித்து விலையை இறக்கியது. 2002-03இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கிய அரசுத் திட்டம் 2007-08இல் தமிழ்நாடு உட்படப் பத்து மாநிலங்களுக்கு வந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி என்ற பென்டாவேலன்ட் நாட்டிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசி இங்கே எளிது. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற இடங்களில்தான் இந்தப் பக்கத்துப் பிரசவங்கள் நடக்கின்றன, வீட்டுப் பிரசவம் அநேகமாக மறைந்துவிட்டது. அந்த முதல் நாளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்றால், பிறக்கும்போது கிருமி தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது வாழ்நாள் துணையாகிவிடும். ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றுநோயும் நாற்பது வயதுக்கு மேல் வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் இந்தக் கிருமியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடிப் பேர்.

இனி சோதனைக்கு வருவோம். ஹெபடைடிஸ் பி என்று சொல்லி லேப் கொடுக்கும் தாள் ஒரே வகை இல்லை. ஹெச்.பி.எஸ்.ஏஜி என்பது ஆன்டிஜென் சோதனை. அது பாசிட்டிவ் என்றால் கிருமி உடம்பில் இருக்கிறது. ஆன்டி ஹெச்.பி.எஸ் என்பது எதிர்ப்பொருள் சோதனை. அது பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. ஒன்றில் பாசிட்டிவ் கெட்ட செய்தி, மற்றதில் நல்ல செய்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களும் உண்டு, அதைவிட மோசமாக, மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆன்டி ஹெச்.பி.சி என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி ஊசியால் வந்ததா, எப்போதோ நோய் வந்து போனதால் வந்ததா என்று அது சொல்லும்.

மூன்று தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருளை அளந்தால், மில்லி லிட்டருக்கு 10 மில்லி அலகோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மருத்துவமனைப் பேச்சில் இதை ‘டைட்டர்’ என்பார்கள். ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்த அளவு வருவதில்லை. வயது நாற்பதைத் தாண்டியவர், புகை பிடிப்பவர், பருமனானவர், சர்க்கரை நோயாளி, டயாலிசிஸில் இருப்பவர் என்றால் இன்னும் அதிகம். ஊசியைப் புஜத்தில் போடாமல் இடுப்பில் போட்டாலும் குறையும். தடுப்பூசி என்றால் வெயிலில் கெட்டுவிடும் என்று நாம் பயப்படுகிறோம். இந்த மருந்து உறைந்துபோனால்தான் அதிகம் கெடும். ஃப்ரீசர் அறைக்குப் பக்கத்தில் வைத்த குப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே சரக்கு இருக்காது.

எல்லோரும் ஓடிப்போய் டைட்டர் பார்க்க வேண்டுமா? வேண்டாம். ‘முழு உடல் பரிசோதனை’ பொட்டலத்தில் இதையும் சேர்த்து விற்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். சாதாரணமாக வாழும் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை ஆன்டிஜென் பார்த்து, இல்லையென்றால் மூன்று தவணை ஊசி போட்டுக்கொண்டால் போதும். டைட்டர் பார்க்க வேண்டியவர்கள் பட்டியல் சிறியது: ரத்தத்தோடும் ஊசியோடும் வேலை செய்பவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், கிருமி உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்கு மேல், தடுப்பூசிகள் முடிந்தபின், ஆன்டிஜெனும் எதிர்ப்பொருளும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த அன்று ஓடி ஓடி ஊசி போடும் நாம், ஒன்பதாம் மாதத்தில் அந்தக் குழந்தையைத் தேடிப் போகிறோமா?

ஊசிக் குத்துப்பட்டவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கிருமி வீரியமாக உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி, பாதுகாப்பில்லாத ஒருவர் கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற நூற்றுக்கு முப்பது வரை வாய்ப்பு உண்டு. எய்ட்ஸ் கிருமிக்கு அது முந்நூற்றுக்கு ஒன்று. நாம் பயப்படுவது எய்ட்ஸுக்கு. நள்ளிரவு இரண்டு மணிக்கு வார்டில் ஒரு நர்சுக்கு ஊசி குத்திவிட்டது என்றால், அவருடைய டைட்டர் முன்பே பத்துக்கு மேல் இருந்தது என்று எழுதி இருந்தால் ஹெபடைடிஸ் பி பற்றிக் கவலை இல்லை, போய்ப் படுக்கலாம். பலிக்காதவர் என்று தெரிந்திருந்தால் உடனே இம்யூனோகுளோபுலின் ஊசி வேண்டும். அது விலை அதிகம், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒன்றும் எழுதியில்லை என்றால் அந்த இரவு முழுதும் எல்லோருக்கும் அலைச்சல்.

இப்போது புதிதாக ஒரு கேள்வியும் வாசலில் நிற்கிறது. 2007-08 திட்டத்தில் கைக்குழந்தையாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் வளர்ந்து நர்சிங், மருத்துவம், லேப் டெக்னீஷியன் படிப்புகளுக்கு வரும் வயதை எட்டிவிட்டார்கள். அவர்களில் பலருக்கு டைட்டர் பத்துக்குக் கீழே காட்டும். அதற்காக ஊசி வீணாயிற்று என்று பொருள் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் வடிந்தாலும் உடம்பின் நினைவில் பாடம் இருக்கும், கிருமி வந்தால் பெரும்பாலோருக்கு விழித்துக்கொள்ளும். ஆனால் ஊசியோடு புழங்கப் போகிறவர் விஷயத்தில் நம்பிக்கையோடு நிறுத்தக் கூடாது. ஒரு தவணை கூடுதலாகப் போட்டு ஒரு மாதத்தில் திரும்ப அளந்தால் தெரிந்துவிடும். எகிறினால் பாதுகாப்பு உண்டு. எகிறாவிட்டால் மீதித் தவணைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் வராத சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருப்பதே பாதுகாப்பில் பாதி.

டெல்டாவில் பலருக்கு ஹெபடைடிஸ் பி அறிமுகமாகும் இடம் மருத்துவமனை இல்லை. வளைகுடா வேலைக்கு முன் திருச்சியிலோ சென்னையிலோ எடுக்கும் ‘மெடிக்கல்’தான். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தை அடகு வைத்து விசாவுக்குக் கட்டியவர் கையில் ‘அன்ஃபிட்’ என்று ஒரு தாள். கிருமியைத் தேடும் சோதனை வெளிநாட்டு முதலாளிக்காக நடக்கிறது, பாதுகாப்பைத் தேடும் சோதனை நம் ஆளுக்காக நடப்பதில்லை. அந்தத் தாளோடு ஊர் திரும்புகிறவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை செய்து ஊசி போட யார் போகிறார்கள்? 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். அது இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் பச்சிலை தேடி அலைகிறார்கள்.

மருத்துவமனைகளில் டைட்டர் பற்றிப் பேச்சு வந்தால் அது டாக்டரோடும் நர்சோடும் முடிந்துவிடுகிறது. ரத்தம் தோய்ந்த பஞ்சையும், மூடி போடாத ஊசியையும் பையில் அள்ளிக் கட்டுவது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர் மாறினால் அவருடைய பதிவேடும் மாறும், முதல் தவணை போட்டது ஒருவர் காலத்தில், மூன்றாவது யார் காலத்திலோ. குத்துப்பட்டால் வெளியே சொன்னால் வேலை போகுமோ என்று பேசாமல் கழுவிக்கொண்டு போகிறவரும் அவர்தான். சோதனைக் கட்டணத்தைச் சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம். ஒரு ஈரல் நோயாளிக்கு ஆயுள் முழுதும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

எனவே டெல்டா மாவட்டங்களின் அரசு, தனியார் மருத்துவமனை நிர்வாகிகளிடமும் நர்சிங் கல்லூரி முதல்வர்களிடமும் கேட்பது இதுதான். ஊழியர் தடுப்பூசி அட்டையில் இப்போது மூன்று தவணைக்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நான்காவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதில் டைட்டர் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அட்டையைத் துப்புரவுத் தொழிலாளி உட்பட அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தம் மாறினாலும் அட்டை மாறாமல் இருக்கட்டும்.